கோணலார் பெருநிறுவனம் ஆன கதை

அந்தக் கடிதத்தின் முதல் வரி, கோணலாரைப் பாதுகாக்கப் போவதாகச் சொன்னது. படித்ததும் அவர் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

கோணல் என்பது அவருடைய பெயரல்ல, அவருடைய நிலத்துக்கு வாய்த்த பெயர். நாற்பது ஏக்கர் கோதுமை வயல். ஒரு பக்கம் ஓடை வளைந்து வளைந்து போகும். வயலும் அதனோடு வளைந்துகொடுத்துப் போகும். மற்ற மூன்று பக்கமும் கம்பெனியின் வயல்கள், அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்ததுபோல, கண்ணுக்கு எட்டிய தூரமும் எட்டாத தூரமும் கிடந்தன. கம்பெனிக்கு ஒரு நீண்ட பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. 'கம்பெனி' என்றாலே போதும். நாலாவது பக்கத்தையும் அவர்கள் கேட்டுப் பார்த்ததாகவும் ஓடைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் கோணலாரின் மச்சினன் சொல்வான்.

கடிதம் குடும்பப் பண்ணை எதிர்காலப் பாதுகாப்பு வாரியத்திலிருந்து வந்திருந்தது. பெரிய நிறுவனங்களின் வளர்ச்சியால் சிறிய குடும்பப் பண்ணைகள் அழிந்துவருவதை வாரியம் மிகுந்த கவலையோடு கவனித்து வருகிறது. இனி வெறுமனே கவனித்துக்கொண்டிருக்கப் போவதில்லை, வகைப்படுத்தப் போகிறது. ஒவ்வொரு பண்ணையும் 'குடும்பப் பண்ணை' அல்லது 'பெருநிறுவனப் பண்ணை' என்று சான்று பெறவேண்டும். சான்று இல்லாத தானியம் 'வகையற்ற தானியம்' எனக் கருதப்படும். வகையற்ற தானியத்தை ஏற்றிவரும் லாரி அரசுக் கிடங்கின் வாசலைத் தாண்ட முடியாது. கெடு, மூன்று வாரம்.

கோதுமை முற்றுவதற்கும் சரியாக மூன்று வாரம்தான் இருந்தது.

"பாதுகாக்கறோம்னு சொல்றாங்க. நல்லதுதானே?" என்றார் கோணலாரின் மனைவி.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் கோணலார்.

கடிதத்தோடு நாற்பத்தாறு பக்கப் படிவம் ஒன்றும் வந்திருந்தது. சமையலறை மேசையில் நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கோணலார், அவர் மனைவி, மனைவியின் தம்பி, மகள். தம்பி டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓட்டுவான். ஓட்டாத நேரத்தில் அவற்றைக் கழற்றி மாட்டுவான். மகள் லாரி ஓட்டுபவள். சொந்தக் கோதுமை இல்லாத மாதங்களில் அடுத்தவர்களின் உருளைக்கிழங்கையும் செங்கல்லையும் ஏற்றிக்கொண்டு போவாள். வீட்டில் நல்ல கையெழுத்து அவளுக்குத்தான் என்பதால் பேனா அவளிடம் போயிற்று.

முதல் கேள்வி: 'உங்கள் பண்ணையின் தொலைநோக்கு என்ன?'

"எனக்குத் தூரத்துல இருக்கறது நல்லாத் தெரியும்" என்றார் கோணலார். "கிட்டத்துலதான் கொஞ்சம் மங்கல்."

மகள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே எழுதினாள்.

பன்னிரண்டாம் பக்கத்தில் நிர்வாகக் கட்டமைப்பைப் படமாக வரையச் சொல்லியிருந்தார்கள். மேலே ஒரு கட்டம், அதிலிருந்து கோடுகள், கீழே கட்டங்கள். மேல் கட்டத்தில் யார் பெயரைப் போடுவது என்ற இடத்தில் பேனா நின்றது.

"மாமா பேரைப் போடு" என்றான் மச்சினன். "அக்கா சொல்றதைத்தானே மாமா சொல்வாரு. அதனால மாமாவுக்கு மேல ஒரு கோடு மட்டும் இழு. கட்டம் வேண்டாம்."

அப்படியே போட்டார்கள். கோடு பக்கத்தின் உச்சிவரை போய், ஆகாயத்தில் முடிந்தது.

'அடுத்த பத்தாண்டுகளில் உங்கள் பண்ணை எதிர்கொள்ளும் மிகப்பெரிய அபாயம்?' என்ற கேள்விக்கு, 'இந்தப் படிவம்' என்று எழுதச் சொன்னார் மனைவி. மகள் 'மழை' என்று எழுதினாள்.

*

வாரியத்தின் அலுவலகம் நகரத்தில் ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம். நுழைந்ததும் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு கோதுமைக் கதிர்க்கட்டு. தொட்டுப் பார்க்காமலே பிளாஸ்டிக் என்று கோணலாருக்குத் தெரிந்தது, ஏனென்றால் எல்லாக் கதிரும் ஒரே அளவில் இருந்தன. டோக்கன் எடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தபின் வகைப்படுத்தல் அதிகாரி கூப்பிட்டார். மேசைமேல் படிவம் விரித்துக் கிடந்தது. அதிகாரி நல்ல மனிதர். முகத்தில் எந்தக் கெடுதலும் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை.

"நீங்க நாலு பேரும் ஒரே குடும்பம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"யார் சொன்னாங்க?"

கோணலார் யோசித்தார். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறார். இதை யாரும் அவரிடம் முறைப்படி தெரிவித்ததாக ஞாபகம் இல்லை.

"கல்யாணப் பதிவுச் சான்று கொண்டாந்திருக்கேன் சார்."

"அது கல்யாணத்துக்கு. கல்யாணம் ஆனவங்க எல்லாம் குடும்பமாவா இருக்காங்க? நீங்களே சொல்லுங்க."

பொதுவாகப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பதாகவே கோணலாருக்குப் பட்டது.

"இங்க பாருங்க, நாங்க உங்க பக்கம்" என்றார் அதிகாரி. "குடும்பப் பண்ணைங்கற பேர்ல கண்டவங்க உள்ள வந்துடக்கூடாது இல்லையா? அதுக்குத்தான் ஒன்பதாம் விதி. பண்ணையோட முடிவுகள்ல நூத்துக்கு எழுபது குடும்ப முறையில எடுக்கப்படணும்."

"குடும்ப முறைன்னா எப்படி சார்?"

"அதை விதி சொல்லலை. சொல்லிட்டா எல்லாரும் அதே மாதிரி நடிப்பாங்க. ஒரு கவனிப்பாளரை அனுப்பறோம். மூணு நாள் உங்க வீட்டுல உக்காந்து பார்ப்பார். நீங்க எப்பவும்போல இருங்க."

*

கவனிப்பாளர் ஒல்லியாக, நெஞ்சோடு குறிப்பெழுதும் மின்பலகை ஒன்றை அணைத்துக்கொண்டு வந்தார். பேசக்கூடாது, சாப்பிடக்கூடாது, எதிலும் தலையிடக்கூடாது என்று அவருக்கு மூன்று கட்டளைகள். சமையலறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது கட்டளை அன்று மதியம் குழம்பு கொதிக்கும்போது உடைந்தது.

எப்பவும்போல இரு என்று சொல்லிவிட்டால் எப்பவும்போல இருக்க யாரால் முடியும்?

"என்னங்க, டிராக்டருக்கு டீசல் ஊத்தலாம்னு எனக்கு ஒரு எண்ணம்" என்றார் மனைவி. "உங்க கருத்து என்ன?"

"அருமையான யோசனை" என்றார் கோணலார். "மாப்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

"நீங்க ரெண்டு பேரும் சொன்னா எனக்கும் சம்மதம்" என்றான் மச்சினன், கைகட்டி நின்றுகொண்டு.

மகள் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் லாரியைக் கழுவப் போய்விட்டாள். ஏற்கெனவே கழுவிய லாரி.

சாயங்காலம் கவனிப்பாளர் மேசையில் வைத்துவிட்டுப் போன மின்பலகையில் மகள் எட்டிப் பார்த்தாள். 'இவர்கள் ஒருவரையொருவர் மிகவும் மதித்துப் பேசுகிறார்கள். முன்பின் அறியாதவர்கள் என்று தோன்றுகிறது.'

மறுநாள் கவனிப்பாளரே முதல் கட்டளையையும் உடைத்தார். "நான் சொல்லக்கூடாது. ஆனா இப்படியே போனா வெறும் கூட்டாளிங்கன்னுதான் எழுதவேண்டி வரும். குடும்பம்னா கொஞ்சம்..." என்று சொல்லி, இரண்டு கை விரல்களையும் கோத்து இழுத்துக் காட்டினார்.

விஷயம் புரிந்தது. மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கோணலாரைப் பார்த்தார். "நீங்க ஒரு பொறுப்பில்லாத ஆளு."

"சரி" என்றார் கோணலார்.

"சரியா? அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்றது? நீ திடீர்னு கேட்டா எனக்கு வரமாட்டேங்குது."

வேலை கெட்டதுதான் மிச்சம். மூன்றாம் நாள் காலை வடக்கே மேகம் கருத்தது. கோணலார் வயலில் ஒரு கதிரைக் கசக்கி, மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னும் ரெண்டு நாள் காயணும். இன்னிக்கு அறுத்தா ஈரம்னு கிடங்குல தள்ளிடுவாங்க."

"ரெண்டு நாளா? மேலே பாருங்க. மழையில நனைஞ்சா கதிர்லயே முளைவிட்டுடும். அப்புறம் மாட்டுக்குத்தான் போடணும். நமக்கு மாடும் இல்ல."

"அறுக்கறதுக்கு மெஷினு வேணுமே. உன் தம்பி பெல்ட்டைக் கழட்டிப் போட்டிருக்கான்."

"அவன் ஒருத்தன் இல்லைன்னா உங்க மெஷினு போன வருஷமே இரும்புக் கடைக்குப் போயிருக்கும். என்னமோ கூலிக்கு வந்தவனைச் சொல்ற மாதிரி சொல்றீங்க. இந்த நிலத்துல அவன் வேர்வைக்கும் பங்கு இருக்கு."

"பங்கு இல்லைன்னு யார் சொன்னா?"

"போன தடவை சொன்னீங்களே. எனக்கே பங்கு இல்லைங்கற மாதிரி."

"நான் எப்ப சொன்னேன்? எல்லாத்துலயும் உனக்குத்தான் பெரிய பங்கு. சண்டையிலயும் சேர்த்து."

அதன்பிறகு அது எங்கெங்கோ போயிற்று. கல்யாணத்தன்று வண்டி தாமதமாக வந்தது, மகளுக்கு அம்மை போட்டபோது யார் விழித்திருந்தது, ஓடை மேட்டில் பார்லி போடலாம் என்ற பேச்சை யார் முதலில் எடுத்தது, எல்லாம் வந்தன. மச்சினன் ஒரு முனையிலிருந்து கத்தினான். மகள் இன்னொரு முனையிலிருந்து இரண்டு பேரையும் கத்த வேண்டாம் என்று கத்தினாள். கவனிப்பாளரின் விரல்கள் பறந்தன. கடைசியில் அவரே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சார், அக்கா சொல்றதுதான் சரி. மழையை நம்பக்கூடாது" என்றார். மூன்றாவது கட்டளையும் போயிற்று.

மேகம் அன்று பெய்யாமல் கலைந்தது. கவனிப்பாளர் கிளம்பும்போது கோணலாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீடு ஞாபகம் வந்துடுச்சு சார். கவலைப்படாதீங்க. அப்படியே வரி விடாம எழுதியிருக்கேன்."

*

சான்றிதழ் வழங்கும் கருத்தரங்குக்கு எல்லாப் பண்ணைக்காரர்களும் கட்டாயம் வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. அறுவடை நெருங்கும் நாளில் கருத்தரங்கு வைப்பது வாரியத்துக்கு மட்டுமே தோன்றக்கூடிய விஷயம். குளிரூட்டிய மண்டபத்தில் ஐந்நூறு நாற்காலிகள். மேடைத் திரையில் 'குடும்பப் பண்ணைக்கு எதிர்காலம் உண்டா?' என்ற கேள்வி. அதன் கீழே, பதில்போல, கம்பெனியின் முத்திரை. நிகழ்ச்சிச் செலவு அவர்களுடையது.

கோணலாருக்கு இந்தப் பக்கம் பார்லிக்காரம்மா உட்கார்ந்திருந்தார். கணவர் போனபின் தனியாகவே பதினைந்து ஏக்கர் பயிரிடுபவர். அந்தப் பக்கம் பேசாத அண்ணன் தம்பி. இருவரும் ஒரே நிலத்தில் ஒன்பது வருஷமாக ஒருவரோடொருவர் பேசாமல் விவசாயம் செய்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போன கவனிப்பாளர் அரை மணி நேரத்தில், 'ஐயத்துக்கு இடமின்றிக் குடும்பம்' என்று எழுதிவிட்டுத் திரும்பிவிட்டாராம். அதை அண்ணன் சொன்னார். தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

வாரியத் தலைவர் ஒலிபெருக்கியின் முன் வந்தார்.

"குடும்பப் பண்ணைகள்தான் நம் நாட்டின் முதுகெலும்பு" என்று தொடங்கினார். கைதட்டல். "முதுகெலும்பு எங்கே இருக்கிறது? உடம்புக்கு உள்ளே இருக்கிறது. வெளியே தெரிந்தால் அது நோய். ஆகவேதான் நம் முதுகெலும்பைப் பெரிய நிறுவனங்களின் உடம்புக்குள் பத்திரமாக வைப்பதற்கு இந்த வாரியம் பாடுபடுகிறது. சிலர் கேட்கிறார்கள், வருடா வருடம் குடும்பப் பண்ணைகள் குறைகின்றனவே என்று. நான் சொல்கிறேன், குறையக் குறையத்தான் பாதுகாப்பது எளிது. ஐயாயிரம் பண்ணைகளை யாரால் பாதுகாக்க முடியும்? ஐந்து இருந்தால் ஆளுக்கு ஒரு அதிகாரி போடலாம்."

கோணலார் கைதட்டலாமா என்று பார்லிக்காரம்மாவைப் பார்த்தார். அவர் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

முதல் எண் குடும்பப் பண்ணைச் சான்றிதழைப் பெற, கம்பெனியின் நிர்வாக இயக்குநர் மேடைக்கு அழைக்கப்பட்டார்.

முன்வரிசை மட்டும் கை தட்டியது. நிர்வாக இயக்குநரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்துவதால் அது குடும்பம். தவிர, படிவத்தில் தொலைநோக்கு மட்டும் பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கள் குடும்பத்தில் ஆயிரத்து நானூறு பேர் இருந்தோம். வேலைக்காரர் என்ற சொல்லே எங்களிடம் கிடையாது, எல்லோரும் உறவு. போன மாதம் இருநூறு உறவுகளை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து ஒருவர் போனால் எவ்வளவு வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இருநூறு தடவை அந்த வலியைத் தாங்க எங்களால் முடியாது. அதனால் ஒரே மின்னஞ்சலில் எல்லோரையும் அனுப்பிவிட்டோம். இதுதான் குடும்பம்."

பார்லிக்காரம்மாவுக்குக் குடும்பச் சான்று கிடைத்தது. பேசாத அண்ணன் தம்பிக்குக் கிடைத்தது. கோணலாரின் உறையைப் பிரித்தபோது தடித்த எழுத்தில் இருந்தது: 'பெருநிறுவனப் பண்ணை'.

பெயர் மாறிவிட்டது என்று நினைத்து அவர் வகைப்படுத்தல் அதிகாரியைத் தேடிப் போனார். அதிகாரி தேநீர் மேசையருகே நின்றிருந்தார்.

"மாறியெல்லாம் போகலை. தீர விசாரிச்சுத்தான் எழுதியிருக்கு" என்றார் அதிகாரி. "சொந்தமா லாரி வச்சு வெளி வாடகைக்கு ஓட்டறீங்க. அது போக்குவரத்துப் பிரிவு. மச்சினன் அறுவடை மெஷினை அடுத்தவங்க வயலுக்கும் கொண்டுபோறாரு. அது இயந்திரச் சேவைப் பிரிவு. உங்களுக்கு மேல ஒரு கோடு போகுது, மேல யாருன்னே தெரியலை. பின்னால இருந்து இயக்கறவங்க பேரு வெளிய வராது. அதெல்லாம் பெரிய நிறுவனங்களோட பழக்கம்."

"அது என் சம்சாரம் சார்."

"இருக்கலாம். முக்கியமான விஷயம் வேற. கவனிப்பாளர் அறிக்கையில உங்க பேச்சை வரி விடாம குடுத்திருக்கார். அதுல 'பங்கு'ங்கற வார்த்தை பதினோரு தடவை வருது. யாருக்கு எவ்வளவு பங்குன்னு தகராறே நடந்திருக்கு. பங்குதாரர்கள் இருந்தா அது குடும்பமா, கம்பெனியா? நீங்களே சொல்லுங்க."

"மேல்முறையீடு ஏதாவது..."

"தாராளமா பண்ணலாம். அறுபது நாள்ல பதில் வரும்."

வீட்டுக்கு வந்து கோணலார் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தார். வருஷம் முழுக்கப் பாடுபட்ட நாற்பது ஏக்கரும் வெளியே வெயிலில் பழுத்து நின்றது. அதைவிட அவருக்கு வேறொன்று உறுத்தியது.

"நாம குடும்பம் இல்லையாம்" என்றார்.

மனைவி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "அப்ப ராத்திரிச் சோறு யார் போடறதுன்னு ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லலை."

"கை கழுவிட்டு வாங்க."

சாப்பிடும்போது மகள்தான் உறையை மறுபடி எடுத்துப் பார்த்தாள். "அப்பா, சான்று இல்லாத லாரியைத்தானே விடமாட்டாங்க? இது சான்றுதானே? முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு. முதல்ல அறுப்போம். வாசல்ல என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

மச்சினன் அன்றே பெல்ட்டை மாட்டினான். இரண்டு நாள் வெயில் கோணலார் சொன்னபடி அடித்தது. மூன்றாம் நாள் காலை மனைவி சொன்னபடி மேகம் வந்தது. அதற்குள் அறுத்து முடித்திருந்தார்கள்.

*

கிடங்குக்கு இரண்டு வாசல்கள். இடது பக்கம் 'குடும்பப் பண்ணைகள்', வலது பக்கம் 'பெருநிறுவனங்கள்'. இடது வாசலிலிருந்து லாரிகளின் வரிசை சாலையை அடைத்து, பெட்ரோல் நிலையத்தைத் தாண்டி, வளைவில் திரும்பி மறைந்தது. அதில் முதல் அறுபத்திரண்டு லாரிகள் முதல் எண் குடும்பத்துடையவை. அவற்றின் பின்னால்தான் பார்லிக்காரம்மாவும் பேசாத அண்ணன் தம்பியும் மற்றவர்களும்.

வரிசை நகரவில்லை. குடும்பங்களைப் பரிவோடு நடத்தவேண்டும் என்று வாரியம் விதி செய்திருந்தது. அதன்படி ஒவ்வொரு லாரிக்கும் குடும்பத் தலைவர் நேரில் வரவேண்டும். எழுத்தர் எழுந்து நின்று வரவேற்று, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டு, ஒவ்வொரு உறுப்பினர் பெயரையும் சரிபார்த்து, அதன்பிறகே எடைமேடைக்கு அனுப்பவேண்டும். நிர்வாக இயக்குநர் கோட்டுச் சூட்டோடு முதல் லாரியின் அருகில் நின்று, ஆயிரத்து இருநூறு உறவுகளின் நலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்குத் தொடங்கியது. எழுத்தர் நானூற்று மூன்றாவது பெயரில் இருந்தார். இன்னும் அறுபத்தோரு லாரிகள் இருந்தன.

வலது வாசல் காலியாக இருந்தது. இரண்டு காவலர்கள் சீருடையில் நின்றிருந்தார்கள். நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு கோணலாரின் லாரி இருமியபடி போய் நின்றதும் அதிர்ந்து நிமிர்ந்தார்கள். மகள் சன்னல் வழியாகச் சான்றை நீட்டினாள். காவலர் படித்தார், லாரியின் நசுங்கிய கதவைப் பார்த்தார், மறுபடி படித்தார். சலாம் வைத்தார்.

உள்ளே எடைமேடை ஒரு சிறு மைதானம் அளவுக்கு இருந்தது. மணியில் ஈரம் பார்த்த பெண், "பெரிய நிறுவனங்களோட தானியத்தை நாங்க பொதுவா சந்தேகப்படறதில்லை சார்" என்று சொல்லி ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொண்டார். யாரும் வீட்டில் நலமா என்று கேட்கவில்லை. பதினோரு நிமிஷத்தில் லாரி காலியாகி வெளியே வந்தது. மூன்று நடை அடித்தார்கள். கோணலாருக்கு யாரோ நாற்காலியும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தார்கள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, யாராவது வந்து எழுப்புவார்கள் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை.

மேகம் தாழ்ந்து வந்தது. கடைசி நடை முடிந்து வெளியே வந்தபோது கோணலாரின் மனைவி லாரியை நிறுத்தச் சொன்னார். சாலையோரம் பார்லிக்காரம்மா தன் வாடகை லாரியின் மேல் ஏறி, கிழிந்த தார்ப்பாயைப் புடவைத் துண்டால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனாவது ஆளு நீங்க?" என்று கேட்டார் மனைவி.

"கம்பெனிக்கு அப்புறம் மூணாவது. அவங்க பேரு சொல்லி முடிக்கறதுக்குள்ள இது பச்சையா முளைச்சுடும்."

மனைவி வரிசையைப் பார்த்தார். சின்ன லாரிகள் எல்லாம் சேர்ந்து பதினான்கு இருந்தன. பிறகு வலது வாசலைப் பார்த்தார்.

"எங்க பின்னால வாங்க" என்றார்.

"எங்ககிட்ட இருக்கறது குடும்பச் சான்று ஆச்சே."

"அதை மடிச்சு உள்ள வைங்க. வழியில யாரு கேட்டாலும் என்னைக் கை காட்டுங்க."

பதினான்கு லாரிகளும் வரிசையிலிருந்து பிரிந்து கோணலாரின் லாரிக்குப் பின்னால் திரும்பின. பேசாத அண்ணன், "என்னடா, போலாமா?" என்று தம்பியைக் கேட்டார். தம்பி, "ஓட்டு" என்றார். இருவரும் சிறிது தூரம் போனபிறகுதான் என்ன நடந்தது என்பதை உணர்ந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

வாசலில் இப்போது வகைப்படுத்தல் அதிகாரியே நின்றிருந்தார். முதல் நாள் என்பதால் மேற்பார்வைக்கு வந்திருந்தார். கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இவ்வளவு லாரி யாருது?"

"எங்க கம்பெனியோட கிளைங்க சார்" என்றார் மனைவி.

"நீங்க யாரு?"

"படத்துல மாமாவுக்கு மேல போகுதே ஒரு கோடு" என்றான் மச்சினன் பின்னாலிருந்து. "அது எங்க அக்காதான்."

அதிகாரியின் நிற்கும் விதமே மாறியது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஆனாலும் கடமை இருந்தது. பதினான்கு லாரிகளையும் ஒரு பார்வை பார்த்தார். "கிளைங்கன்னா... எல்லாம் உங்களுக்குச் சொந்தமா மேடம்?"

"சொந்தமா?" என்றார் மனைவி. "சொந்தம்னா குடும்பம் ஆயிடுமே சார். அப்புறம் அந்த வரிசையில இல்ல நிக்கணும்?"

அதிகாரி இதை எல்லாப் பக்கத்திலிருந்தும் யோசித்தார். விதிப்புத்தகத்தை எடுத்து ஒன்பதாம் விதியைப் படித்தார். அதற்கு முன்னும் பின்னும் படித்தார். முதல் துளி புத்தகத்தின் மேல் விழுந்தது. "விதிப்படி சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி ஒதுங்கி நின்றார்.

கடைசி லாரி கூரைக்கடியில் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இடது வாசலில் நிர்வாக இயக்குநர் யாரோ பிடித்த குடையின் கீழ் நின்று, எழுநூற்று எண்பதாவது உறவின் தந்தை பெயரைத் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

*

அடுத்த வாரமே வாரியம் கூடி விதியைத் திருத்தியது. பெரிய குடும்பங்கள் இனி இரண்டு வாசலையும் பயன்படுத்தலாம்; சிறிய நிறுவனங்கள் எந்த வாசலைப் பயன்படுத்துவது என்பது பரிசீலனையில் உள்ளது. பார்லிக்காரம்மா, அடுத்த வருஷமும் கிளையாகவே இருந்துவிடலாமா என்று கோணலாரின் மனைவியைக் கேட்டார். மனைவி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அதற்குள் அவர் கூடுதலாக ஆறு கிளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வாரியத்தின் ஆண்டறிக்கை வழவழப்பான தாளில் வந்தது. கிடங்குக்கு வந்த தானியத்தில் தொண்ணூற்றேழு விழுக்காடு குடும்பப் பண்ணைகளிடமிருந்து வந்திருந்தது. வாரியம் தொடங்கிய முதல் ஆண்டிலேயே பெருநிறுவனங்களின் ஆதிக்கம் வெறும் மூன்று விழுக்காடாகச் சரிந்தது ஒரு வரலாற்றுச் சாதனை என்று தலைவர் முன்னுரையில் எழுதியிருந்தார். எஞ்சியிருக்கும் ஒரே பெருநிறுவனமும் தீவிரக் கண்காணிப்பில் வைக்கப்படும்.

அந்தக் கண்காணிப்புக்காக வகைப்படுத்தல் அதிகாரி ஒருநாள் கோணலாரின் வயலுக்கே வந்தார். உழுத மண்ணில் பாதம் புதைய, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். கோணலார் டிராக்டரை நிறுத்தி இறங்கினார்.

"உங்ககிட்ட ஒரு உறுதிமொழி வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார் அதிகாரி. "உங்க வளர்ச்சியைத் தடுக்கறது எங்க நோக்கம் இல்லை. ஆனா இந்தப் பகுதியில கிளைமேல கிளையா சேர்த்துக்கிட்டே போறீங்க. பக்கத்துல ஒரு குடும்பம் இருக்கு, பாருங்க. மூணு பக்கமும் உங்க நிலத்தை ஒட்டியே இருக்காங்க. அவங்க கொஞ்சம் பயந்துபோய் மனு குடுத்திருக்காங்க. தயவு பண்ணி அவங்களை மட்டும் விழுங்கிடாதீங்க."

கோணலார் திரும்பிப் பார்த்தார். கம்பெனியின் வயல் வேலிக்கு அந்தப் பக்கம் தொடங்கி, எட்டு இயந்திரங்கள் ஒரே வரிசையில் ஓட, வானம் தரையைத் தொடும் இடம்வரை போய், அதற்கப்பாலும் போயிற்று.

அவர் அதிகாரியிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

"எங்க போடணும்னு காட்டுங்க சார்" என்றார். "எனக்கு அவ்வளவு பசி இல்லை."